புகைபோக்கி இல்லாத வீடு

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நம் வயதுக்காரர்கள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொள்கிறோம், இல்லையா? என்னோடு கிளினிக்கில் பதிவு மேசையில் உட்கார்ந்திருந்தவள் இப்போது நீச்சல் பழகுகிறாள். இன்னொருத்தி வீட்டு வாசல் நடைபாதையில் தொட்டி வைத்து வெண்டைக்காய் வளர்க்கிறாள். நான் கிளமெண்டி சமூக மன்றத்தில் கிராஸ் ஸ்டிச் தையல் வகுப்புக்குப் பெயர் கொடுத்தேன். சிரிக்காதீர்கள். பத்துப் பேர் சேர்ந்த வகுப்பில் ஒன்பது பேர் பெண்கள், ஒருவர் டாக்சி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோரையும்விட அவர்தான் நன்றாகப் போடுகிறார். அந்த வயிற்றெரிச்சல் தனி.

சொல்லிக்கொடுப்பவள் ஒரு சீனப் பெண். முப்பது வயது இருந்தால் அதிகம். முதல் நாள் நூல் கோத்த ஊசியை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கிய கையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, லெஃப்ட் ஹேண்ட் ஆ? நெவர் மைண்ட், ஐ சிட் ஆப்பசிட்."

சொல்லிவிட்டு, தன் வலது கை என் இடது கைக்குக் கண்ணாடி மாதிரி நேராக வரும்படி நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டுக்கொண்டாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. எனக்கு அப்படி இல்லை. கண்ணில் தூசி என்று பொய் சொல்லிக் கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். ஒரு பொம்மைத் தையலுக்கு இந்த வயதில் இவ்வளவு அழுகையா என்று கேட்பீர்கள். ஏனென்றால், அதைக் கற்றுக்கொள்ள எனக்கு எதிரே ஒருத்தி உட்கார்ந்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை உட்கார்ந்தவள் என் அக்கா.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தஞ்சோங் பகாரில் துறைமுகத் தொழிலாளர் குடியிருப்பை விட்டுவிட்டுக் கிளமெண்டிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒன்பதாவது மாடி. வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட் வாசம். சன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் கீழே வெறும் செம்மண். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அவ்வளவு உயரத்தில் வேலை பார்க்கிற மனுஷர், எங்கள் வீட்டு நடைபாதைக் கம்பிப் பக்கம் போகவே பயப்படுவார். அம்மாதான் வீட்டில் எல்லாம்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையில் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டவைக்கிற வேலை. வீட்டுக்கு வந்தால் கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டும். ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் படுத்துக் கிடப்பாள். இருந்தாலும் அந்த வருஷம் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே திரிந்தாள். காரணம், தொழிற்சாலை பஸ்ஸில் அவளுக்கு இடம் பிடித்து வைக்கிற ஒருவர். மெஷின் பழுது பார்ப்பவர். நம் ஆட்கள்தான், சிராங்கூன் ரோடு பக்கம் வீடு. அவர் தன் அம்மாவிடம் சொல்லி, அந்த அம்மா முறைப்படி பெண் கேட்டு வருகிறேன் என்று சொல்லியனுப்பிவிட்டார்.

சொல்லியனுப்பியபோது கூடவே ஒரு கேள்வியும் வந்தது. பெண்ணுக்குக் கைவேலை தெரியுமா? அந்த அம்மா கல்யாண ரவிக்கைகளுக்குப் பூ வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அதனால் கேட்டார். எங்கள் அம்மா யோசிக்கவே இல்லை. "ஓ, தெரியுமே, அழகா போடுவா"ன்னு சொல்லிவிட்டார். அக்காவுக்குச் சட்டையில் பித்தான் தைக்கக்கூட வராது.

"ஏம்மா இப்படிச் சொன்னீங்க?" என்று அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு பெரியவங்க சொல்லிருக்காங்க. நான் ஒண்ணுதானடி சொன்னேன்? ஆறு வாரம் இருக்கு. கத்துக்க."

அக்கா அந்தச் சனிக்கிழமை தேக்கா பக்கம் போய், ஒரு துணிக்கடையில் கிராஸ் ஸ்டிச் பெட்டி ஒன்று வாங்கிவந்தாள். கடைக்காரர், இதுதான் எல்லாவற்றிலும் சுலபம், எக்ஸ் எக்ஸாகப் போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான் என்றாராம். உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கிற கெட்டித் துணி, மொட்டை முனை ஊசி ஒன்று, பன்னிரண்டு நிறத்தில் நூல், கட்டம் போட்ட ஒரு தாள். படத்தில் ஒரு வெள்ளைக்காரன் ஊர் வீடு. சிவப்புக் கூரை, மேலே புகைபோக்கி, சுற்றிலும் தோட்டம். அந்தத் துணியின் கஞ்சி வாசம் எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

தாளில் தெளிவாக எழுதியிருந்தது, துணியை நாலாக மடித்து நடுவில் ஆரம்பிக்கவும் என்று. அக்கா அதைப் படித்தாள். படித்துவிட்டு, கீழே நாலு விரல் இடம் விட்டு, இடது மூலையில் ஆரம்பித்தாள்.

"வீட்ட அஸ்திவாரத்துலேர்ந்துதானே கட்டணும்? நடுவுலேர்ந்து யாரு கட்டுவா லா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அதன் பலன் பிறகு தெரிந்தது. கீழே அவள் விட்ட இடம் அதிகமாகி, கூரைக்கு மேலே துணி தீர்ந்துபோய்ப் புகைபோக்கிக்கு இடமில்லை. அம்மா பார்த்துவிட்டு, நம்ம புளோக்குக்கு மட்டும் புகைபோக்கி இருக்கா என்ன, விடு என்றார்.

புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் செய்யக்கூடிய தப்பு ஒன்று விடாமல் அக்கா செய்தாள். நூலில் ஆறு இழை இருக்கும், இரண்டை மட்டும் பிரித்து எடுக்கணும். அவள் ஆறையும் சேர்த்துக் கோத்ததில், ஊசி துணியின் ஓட்டையில் மாட்டி நின்றது. பின்பக்கம் முடிச்சு போடக்கூடாது. அவள் போட்ட முடிச்சுகளில் துணி முன்பக்கம் பரு பருவாகப் புடைத்தது. ஒரு முழம் நூல் போதும் என்றால் இவள் ஆளுயரத்துக்கு வெட்டி, அது சிக்கி, அதைப் பிரிக்க ஒரு மாலை முழுக்கப் போகும். ஒரு கட்டம் எண்ணுவதில் பிசகினால் அந்த வரிசை மொத்தமும் பிசகும். பிரித்தாள், போட்டாள், பிரித்தாள். மூன்று வாரத்தில் தோட்டமும் வாசல் கதவும் வந்து, கூரையில் பாதி ஏறியிருந்தது. அதற்குள் அவள் கண் கோவைப்பழமாகிவிட்டது.

நான் சாப்பாட்டு மேசையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எழுதுவதைவிட வேடிக்கை பார்த்ததுதான் அதிகம். ஒரு நாள் அவள் முகம் கழுவப் போன நேரத்தில் துணியின் ஓரத்து வெட்டுத்துண்டில் நான் ஒரு வரிசை போட்டுப் பார்த்தேன். திரும்பி வந்தவள் அதை எடுத்துப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது நீ போட்டதா? எந்தக் கையில?"

நான் இடது கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டேன். அவள் அம்மா இருந்த அடுக்களைப் பக்கம் பார்த்தாள்.

இந்த இடத்தில் என் இடது கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் பிறவியிலேயே இடது கைக்காரி. சாப்பிடுவது, எழுதுவது எல்லாவற்றையும் அம்மா அடித்து அடித்து வலது கைக்கு மாற்றியிருந்தார். "பீச்சாங்கையால தொடாத"ன்னு ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்பேன். அந்த வருஷத் தொடக்கத்தில் சிராங்கூன் ரோட்டில் கோயிலுக்குப் போனபோது, ஐயர் நீட்டிய திருநீற்றுக்கு மறந்துபோய் இடது கையை நீட்டிவிட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்தார்கள். அம்மா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கரண்டியை அடுப்பில் காயவைத்து என் இடது மணிக்கட்டில் ஒரு சூடு வைத்தார். வைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே என்னைவிட அதிகமாக அழுததும் அவர்தான். "அடுத்த தடவ உள்ளங்கையிலதான்டி வைப்பேன். பீச்சாங்கைக்காரிய எந்த வீட்டுல சேப்பாங்க?" என்று அழுகைக்கு நடுவே சொன்னார். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அம்மாவுக்கு அப்போது நாற்பது வயது. இன்றைக்கு என் முன்னால் வந்து நின்றால் வாம்மா, போம்மா என்று நான் கூப்பிடுகிற வயது. எங்கள் நன்மைக்கு என்று நினைத்துத்தான் செய்தார். அது எனக்கு இப்போது புரிகிறது. புரிவதால் வலி குறையவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, எனக்கும் அக்காவுக்கும் ஓர் ஒப்பந்தம் ஆனது. எனக்கு மதியப் பள்ளிக்கூடம். காலையில் அப்பாவும் அக்காவும் வேலைக்குப் போய்விடுவார்கள். அம்மா பாசாருக்குக் காய்கறி வாங்கப் போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் நான் போடுவேன். லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்காது, எட்டாவதில் இறங்கிப் படியேறி வரவேண்டும். அம்மாவின் செருப்புச் சத்தம் படியில் கேட்டதும் துணியைப் பால்மாவு டின்னுக்குள் போட்டு மூடிவிடுவேன்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் காலை நேரங்கள் மாதிரி எனக்கு வாழ்க்கையில் அதற்குப் பிறகு வாய்க்கவில்லை. என் கை என் சொல்லைக் கேட்டது. பள்ளிக்கூடத்தில் கோழி கிறுக்கினாற்போல் எழுதுகிறவள் நான். இங்கே ஊசி போக வேண்டிய ஓட்டைக்குத் தானாகப் போனது. சிவப்பு ஒவ்வொரு கட்டமாக நிறையும். மிச்சக் கூரை முழுக்க நான்தான் போட்டேன். கூரைக்குக் கீழே அக்கா விட்டுவைத்திருந்த மாடிச் சன்னலையும் நான்தான் போட்டேன். மஞ்சள் நூல் தீர்ந்துபோனதால் சன்னலில் நாலு கட்டம் மட்டும் பாக்கி. அக்கா தேக்காவுக்குப் போய் வாங்கிவந்தாள், ஆனால் போட நாள் இல்லை. மறுநாளே அவர்கள் வருகிற நாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. கேசரி, உளுந்து வடை, கோப்பி. அவரும் அவருடைய அம்மாவும் மட்டும் வந்தார்கள். அந்த அம்மாவுக்கு ஒல்லியான உடம்பு, மூக்குக் கண்ணாடி. அதிகம் பேசவில்லை, ஆனால் அக்காவைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு நல்ல சிரிப்பு. அக்கா நீலப் புடவையில் தலை குனிந்து நின்றாள். அவள் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது எனக்குத் தெரியும். முந்தின நாள் ராத்திரி எனக்குத் தலை பின்னிவிட்டபோது பின்னலை இரண்டு தடவை பிரித்துப் பிரித்துப் போட்டாள்.

அம்மா பெருமையாகத் துணியைக் கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மா சும்மா பார்த்துவிட்டு வைத்திருக்கலாம். தொழில்காரி ஆயிற்றே, வைப்பாரா? எழுந்து சன்னல் பக்கம் போனார். மேற்குப் பார்த்த சன்னல், நாலு மணி வெயில். துணியைச் சாய்த்துப் பிடித்தார்.

நான் அன்றுதான் அதைக் கண்டேன். ஒரே சிவப்பு நூலில் போட்ட கூரை, வெயிலில் இரண்டு சிவப்பாகத் தெரிந்தது. பாதி மினுங்கியது, பாதி மங்கலாக இருந்தது. நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு பிரிவு: கீழே அக்காவின் வலது கை, மேலே என் இடது கை. வீட்டுக்குள் குழல் விளக்கில் எங்கள் இரண்டு பேர் கண்ணுக்கும் அது படவே இல்லை.

"கூரையில கீழ்ப்பாதியில, மேல வர்ற இழை எல்லாம் இந்தப் பக்கம் சாயுது. மேல்பாதியில அந்தப் பக்கம் சாயுது," என்றார் அந்த அம்மா. குரலில் கோபம் இல்லை. "இது ரெண்டு பேரு போட்டதும்மா."

"ஐயோ, இல்லங்க. எல்லாம் எம்பொண்ணு ஒருத்திதான் போட்டா. நான் கண்ணால பாத்தேனே," என்றார் அம்மா. அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

அந்த அம்மா அக்காவைப் பார்த்தார். "நீ சொல்லும்மா. வேலை தெரியாட்டி ஒண்ணும் குத்தமில்ல, நான் சொல்லித் தரேன். உள்ளத மட்டும் சொல்லு."

அக்கா நிமிர்ந்தாள். "பாதிக் கூரை வரைக்கும் நான் போட்டேங்க. மிச்சம் என் தங்கச்சி."

அம்மா பதறிச் சிரித்தார். "இவளா? இவளுக்கு ஊசி புடிக்கவே தெரியாதுங்க. பெரியவ சும்மா விளையாடுறா."

"அப்படியா? சின்னப் பாப்பா, இங்க வாம்மா," என்று அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். மஞ்சள் நூலைத் தானே கோத்து ஊசியை நீட்டினார். "இந்தச் சன்னல்ல நாலு கட்டம் பாக்கி இருக்கு பாரு. ஒண்ணு போட்டுக் காட்டு."

என் கை எழுந்தது. இடது கைதான். பாதி வழியில் அம்மாவைப் பார்த்தேன். விருந்தாளி முன்னால், நல்ல காரியத்தில், பீச்சாங்கை. அம்மாவின் கண்ணைப் பார்த்ததும் உள்ளங்கை குறுகுறுத்தது. கையை இறக்கிவிட்டு வலது கையால் ஊசியை வாங்கினேன்.

போட்டேன். ஊசி ஒரு கட்டம் தள்ளிக் குத்திற்று. நூலை இழுத்ததில் துணி சுருங்கியது. குறுக்கே போட வேண்டிய தையல் கோணிக்கொண்டு எங்கேயோ போனது. அந்த அம்மா என் கையையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்தாள். 'இவள் இடது கைக்காரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மா துணியை மடித்து மேசைமேல் வைத்தார். கோப்பியை மிச்சம் வைக்காமல் குடித்தார். அவர் மகன் செருப்பு மாட்டும்போது அக்கா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார்.

ஒரு வாரத்தில் செய்தி வந்தது. பெண் நல்ல பெண்தான், ஆனால் கேட்ட ஒரு சின்ன விஷயத்துக்கு ஆளுக்கொரு பதில் சொல்கிற வீடு, வேண்டாம். அக்கா தொழிற்சாலை பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பாட்டு நின்றுபோனது. யார் இன்னொரு பாதியைப் போட்டது என்று அம்மா பிறகு அவளிடம் கேட்டதற்கு, கூட வேலை செய்கிற பெண் என்று சொல்லிவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. அத்தான் தங்கமான மனுஷர், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனாலும் அவர்கள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கோணல் தையல் ஞாபகம் வரும். அக்கா சத்தியத்தைச் சொன்னாள், நான் அதைப் பொய்யாக்கினேன். அதற்கப்புறம் ஊசியை நான் தொடவில்லை.

சமூக மன்றத்தில் முதல் வகுப்பு முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமையே சிராங்கூனில் இருக்கிற அக்கா வீட்டுக்கு எம்ஆர்டி ரயில் ஏறினேன். அத்தான் போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகிறது. அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஒரு கண்ணுக்கு அறுவை சிகிச்சை முடிந்து, இன்னொன்றுக்குக் காத்திருக்கிறாள். எனக்கு எதிரே உட்கார்ந்த சீனப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். சொன்ன வேகத்தில், இத்தனை வருஷமாகக் கேட்காததையும் கேட்டுவிட்டேன்.

"அன்னிக்கு நீ ஏன் சொல்லல? இவ இடது கையால போடுவா, அந்தக் கையில குடுத்துப் பாருங்கன்னு சொல்லிருந்தா முடிஞ்சிருக்குமே."

அக்கா முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். நிதானமாக மென்று முடித்தாள்.

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ கைய மறைச்சுக்கிட்ட பாரு, அப்ப உன் மணிக்கட்டு தெரிஞ்சிச்சு. சூடு அப்பத்தான் ஆறி, புதுத் தோலு வந்திருந்துச்சு." பிறகு சொன்னாள். "அவங்க போனதுக்கப்புறம் வீட்டுல அம்மாவும் நீயும்தானே இருப்பீங்க. நான் மறுநாள் வேலைக்குப் போயிடுவேன்."

என்னால்தான் உன் கல்யாணம் கெட்டது என்று இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று திக்கித் திணறிச் சொன்னேன்.

"உன்னால என்ன லா? பதினோரு வயசுப் பொண்ணு. வேணாம்னு விட்டது நான். அது நான் எடுத்த முடிவு. அதப் போயி உன்னோடதுன்னு சொல்லிக்காத."

கோபமாகவே சொன்னாள். எழுந்து உள்ளே போய், அலமாரிக் கதவைத் திறந்து மூடி, துணியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். புகைபோக்கி இல்லாத வீடு. ஓரமெல்லாம் பழுத்திருந்தது. மாடிச் சன்னலில் மூன்று கட்டம் காலி. நாலாவதில் என் கோணல் தையல்.

"இதையா வச்சிருந்த?"

"எல்லாம் நாம போட்டதுதானே. நூல் கொண்டாந்திருக்கியா? வகுப்புக்குப் போற ஆளு, பையில இல்லாமலா இருக்கும். முடிச்சிட்டுப் போ."

மஞ்சள் இருந்தது. பழைய மஞ்சளுக்கு ஒத்துவராத மஞ்சள். இரண்டு இழை பிரித்துக் கோத்தேன். கோணல் தையலை என்ன செய்வது என்று கேட்டேன்.

"பிரிச்செறி. எத்தன வருஷம் அதப் பாத்துக்கிட்டு இருக்கிறது?"

பிரித்தேன். பிரித்த நூலை அக்கா கையில் வாங்கித் தட்டில் வைத்தாள். நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, துணி ஆடாமல் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள். புரை விழுந்த கண்ணை இடுக்கிப் பார்த்தாள். அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

"எந்தக் கையில வச்சிருக்க?"

"இடது கையிலதான்."

"ம். போடு."